கெயார் கிவர் (பராமரிப்பாளர்) கோர்ஸ்: காசு கட்டலாமா?

கேள்வி (14 செப்டெம்பர் 2025)

வணக்கம். இடம் யாழ்ப்பாணம் கரவெட்டி, வயது 25. உயர்தரம் கலைப்பிரிவு, பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்த மூன்று வருடமும் நான்தான் பார்த்தேன். போன மாசியில் மோசம் போய்விட்டா. இப்போது டவுனில் ஓரிடத்தில் ஆறு மாதக் கெயார் கிவர் கோர்ஸ், ஒரு லட்சத்து இருபதாயிரம் என்கிறார்கள். முடித்தால் லண்டனில் வேலை என்று நோட்டீசில் போட்டிருக்கிறது. சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறா அம்மா. கட்டலாமா?

14 செப்டெம்பர், இரவு

சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன். இங்கே கரண்ட் போய்ப்போய் வருகிறது.

15 செப்டெம்பர்

நான் இந்த வேலைக்குள் வந்தது படித்து அல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு உடுத்துறைப் பக்கம் முகாமில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். அதற்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனக்காரர் எல்லாம் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று நாள், ஐந்து நாள், மத்தியானம் புரியாணி, கடைசி நாள் குழுப் படம், ஒரு சான்றிதழ். என் ஃபைலில் அப்படிப் பதினான்கு இருக்கின்றன. 2013இல் நான் வேலை செய்த புரொஜெக்ட் முடிந்ததாக ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சொன்னார்கள், திங்கட்கிழமை அலுவலகக் கதவு பூட்டு. அந்தப் பதினான்கையும் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினேன். வாங்கிப் பார்த்த ஒருவர், "இதெல்லாம் வந்திருந்ததுக்குத் தந்ததெல்லோ, பிள்ளை" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் சான்றிதழ் எங்கே செல்லும் என்பதை. இலங்கையில் தொழிற்கல்விக்கு ஒரு ஏணி இருக்கிறது. தேசிய தொழில்சார் தகைமை, எல்லோரும் சொல்கிற என்.வி.கியூ. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். பராமரிப்பாளர் வேலைக்கு 3 அல்லது 4 இருந்தால்தான் ஒரு இடத்தில் நின்று பேசலாம். இதைக் கவனிப்பது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது.

சனம் பிடிபடுகிற இடம் இதுதான். "நாங்கள் ஆணைக்குழுவில் பதிவு செய்த நிறுவனம்" என்று பெயர்ப்பலகையில் இருக்கும். அது பொய்யாகவும் இருக்காது. ஆனால் நிறுவனம் பதிவாவது ஒன்று, கோர்ஸ் தராதர அங்கீகாரம் பெறுவது இன்னொன்று. அங்கே கணினிக் கோர்சுக்கு அங்கீகாரம் இருக்கும், கெயார் கிவருக்கு இராது. கோர்சின் பெயரைச் சொல்லி அங்கீகாரக் கடிதத்தைக் கேளுங்கள். இழுத்தடித்தால் வெளியே வந்து ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

இரண்டாவது கேள்வி, செயல்முறைப் பயிற்சி எங்கே? எந்த முதியோர் இல்லம், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை கிழமை? ரப்பர் பொம்மையைப் புரட்டிப் படித்தவருக்கும் எண்பது கிலோ ஐயாவைப் புரட்டிப் படித்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை அம்மம்மாவைப் பார்த்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, போன தடவை முடித்தவர்களில் இரண்டு பேருடைய நம்பர். இதற்குத்தான் முகம் மாறும்.

லண்டன் விஷயம்: கெயார் விசாவில் போகலாம், ஆனால் 2024 மார்ச்சில் இருந்து குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது.

15 செப்டெம்பர், பின்னேரம்

அரச நிலையங்களைச் சொல்ல மறந்துவிட்டேன். தொழிற்பயிற்சி அதிகார சபை, நைற்றா (தேசிய பயிலுனர், கைத்தொழில் பயிற்சி அதிகார சபை), தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் மூன்றிலும் கட்டணம் இல்லாமலோ சிறு தொகைக்கோ படிக்கலாம். எல்லாக் கோர்சும் எந்த நேரமும் நடக்காது, ஆள் சேர்ந்தால்தான் தொடங்குவார்கள். ஃபோனில் கேட்டால் "பார்த்துச் சொல்லுறம்" என்பார்கள். நேரில் போங்கள்.

17 செப்டெம்பர்

லண்டன் பற்றி நான் எழுதியது பழைய கதை. ஹரோவில் இருக்கும் ஒரு தம்பி திருத்தியிருக்கிறார், நன்றி. 2025 ஜூலை 22 தொடக்கம் வெளிநாட்டில் இருந்து புதிதாகப் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுப்பதையே பிரித்தானியா நிறுத்திவிட்டது. அங்கே ஏற்கெனவே விசாவோடு நிற்பவர்களின் கதை வேறு. இங்கே இருந்து புதிதாகப் போக வழியில்லை. அப்படியென்றால் அந்த நோட்டீஸ் எப்போது அச்சடித்தது? பழையது மிஞ்சியிருந்து கொடுக்கிறார்களா, தெரிந்தே கொடுக்கிறார்களா? தெரிந்தே என்றால் சங்கிலியோடு நிற்கமாட்டார்கள்.

வெளிநாடு என்றால் இப்போது சனம் கேட்பது ஜப்பானும் இஸ்ரேலும். ஜப்பானின் குறித்த திறன் விசா 2019இல் தொடங்கியது. பராமரிப்பு வேலைக்கு மூன்று சோதனை: திறன், பராமரிப்புக்கான ஜப்பான் மொழி, பொது ஜப்பான் மொழி. கடைசியானதற்கு என்4 தரமாவது (ஐந்து படியில் கீழிருந்து இரண்டாவது) வேண்டும். ஐந்து வருடம்வரை நிற்கலாம், குடும்பம் கூட வரமுடியாது. ஆக அங்கே உங்களைத் தூக்கிவிடுவதும் விழுத்துவதும் மொழிதான். ஒரு லட்சத்தில் பாதியை ஜப்பான் மொழி வகுப்புக்குக் கட்டினாலாவது ஏதோ மிஞ்சும்.

எந்த ஏஜென்சி என்றாலும் உரிமப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்கலாம். தொலைபேசி இலக்கம் 1989.

19 செப்டெம்பர்

முந்தாநாள் முழுக்க "கட்டாதே, போகாதே" என்று பாட்டியைப் போல எழுதியிருக்கிறேன். திரும்பி வாசித்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. கரவெட்டித் தங்கச்சி கேட்டது வேலைக்கு வழி. நான் காட்டியது முழுக்கப் பள்ளம்.

வழி ஒன்று இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். ஆங்கிலத்தில் ஆர்.பி.எல். வகுப்புக்குப் போகாமல் வேலையில் பழகினவருக்கும் என்.வி.கியூ. கொடுக்கிற முறை. விண்ணப்பம் போட்டு, செய்த வேலைக்கு ஆதாரம் சேர்த்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர்கள் வந்து கேள்வி கேட்பார்கள், செய்துகாட்டச் சொல்வார்கள். நைற்றாவிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் செய்கிறார்கள். மேசன்மாரும் தச்சுக்காரரும்தான் இதைக் கூடுதலாக எடுப்பது. பொம்பிளைகள் வீட்டில் செய்கிறதை வேலை என்று நாங்களே நினைப்பதில்லை.

ஆனால் வீட்டில் அம்மம்மாவைப் பார்த்தேன் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு போகவேண்டாம். ஒரு முதியோர் இல்லத்தில் சில மாதம் வேலை செய்து, பொறுப்பாளரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது, தனியாரும் சமய நிறுவனங்களும் நடத்தும் இல்லங்கள் இருக்கின்றன. எங்கேயும் ஆள் போதாது. சம்பளம் குறைவு என்று முகம் சுளிக்கவேண்டாம், காசு வாங்கிக்கொண்டு படிக்கிற கோர்ஸ் என்று எடுங்கள்.

என் மதிப்பீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருட அனுபவத்தோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுவது, மூக்குக் குழாயால் சாப்பாடு கொடுக்கும்போது தலையை உயர்த்தி வைப்பது, சலப்பையைப் படுக்கைக்குக் கீழே தொங்கவிடுவது, எல்லாம் சொன்னேன். பிறகு மதிப்பிட வந்த அம்மா ஒரு வெள்ளைத் துணியைக் கையில் தந்து கட்டிலை விரிக்கச் சொன்னா. வீட்டில் விரிக்கிற மாதிரி விரித்து நாலு பக்கமும் செருகினேன். அவ ஒன்றும் சொல்லாமல் மூலையைப் பிடித்து ஒரு இழுவை. முழுக்க வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் மூலையைக் கடித உறை மாதிரி மடித்துச் செருகவேண்டும், சுருக்கம் விழுந்தால் அதுவே முதுகில் புண். இரண்டாம் தரம் போய்த்தான் எடுத்தேன்.

23 செப்டெம்பர்

சாவகச்சேரியில் இருந்து ஒரு தம்பி: "ஆம்பிளைகளுக்கு இதில் வேலை இருக்கா அக்கா, அல்லது சும்மா சிரிப்பார்களா?"

இரண்டும். முதலில் சிரிப்பார்கள், பிறகு இரவு பதினொரு மணிக்கு ஃபோன் எடுத்து "தம்பி நாளைக்கு வரேலுமோ" என்பார்கள். விழுந்து இடுப்பு உடைந்த ஐயாமாரைத் தூக்க, குளிப்பாட்ட, ஆஸ்பத்திரியில் இரவு நிற்க ஆண்கள் கிடைப்பதே இல்லை. ஆண்கள் வார்டில் பொம்பிளை நிற்க விடமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் முன்பு ஓட்டோ ஓடினவன். இப்போது பகலில் ஓட்டோ, இரவில் நோயாளி. அவனுடைய அம்மாதான் இன்னும் ஊரில் "மகன் மெடிக்கல் பக்கம்" என்று சொல்லிச் சமாளிக்கிறா.

28 செப்டெம்பர்

சம்பளத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானே தொடங்குகிறேன்.

2025 ஏப்ரல் முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபா. 2026 ஜனவரியில் இருந்து 30,000. நிறுவனம் ஒன்றில் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம் போடவேண்டும். நம்பிக்கை நிதிக்கு அவர் தனியாக 3 வீதம். சேரும்போதே அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். "ஆறு மாதம் போகட்டும்" என்று ஒரு பதில் வரும். சட்டத்தில் அந்த ஆறு மாதம் கிடையாது.

வீடு ஒன்றில் நேரடியாக வேலை செய்தால் கைக்காசு கூட. ஆனால் வீட்டு வேலை சேமலாப நிதிக்குள் வராது. பத்து வருடம் ஒரு அம்மாவைப் பார்த்துவிட்டு, அவ கண்ணை மூடின அன்றைக்கு உங்கள் வேலையும் முடிந்தது. எட்டுச் செலவுக்கு நீங்களும் நின்று வேலை செய்வீர்கள், மகன் ரொறன்ரோவில் இருந்து வந்து ஒரு சாறி தருவார். குறை சொல்லவில்லை, நல்ல சாறிதான்.

வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் போக முன்னமே எழுதி வாங்கவேண்டியவை: எத்தனை மணித்தியாலம், லீவு நாள் எது, சமையல் யாருக்கு. நோயாளிக்குச் சமைப்பது உங்கள் வேலை. ஊரில் இருந்து வருகிற பத்துப் பேருக்கும் சமைப்பது அல்ல. இப்போது எல்லா வீட்டிலும் கமரா வேறு. நான் நின்ற ஒரு வீட்டில் மகள் ஸ்காபரோவில் இருந்து வட்ஸ்அப்பில், "ஏன் அம்மாவின் போர்வை சரிந்து கிடக்கு?" என்பா. அங்கே இரவு இரண்டு மணி. பாவம், நித்திரை வராமல் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா. முதலில் ஆத்திரப்பட்டேன். பிறகு நானே கமராவுக்கு முன்னால் அம்மாவை இருத்தித் தலை இழுத்துவிடத் தொடங்கினேன். அதற்குப் பிறகு போர்வைக் கேள்வி வரவில்லை.

2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல். எங்கள் ஊரில் பிள்ளைகள் வெளியே போன வீடுகளையும் சேர்த்து யோசியுங்கள். வேலை இல்லாமல் போகாது. மரியாதையும் ஓய்வூதியமும் இல்லாமல் போகும், பிரச்சினை அங்கேதான்.

29 செப்டெம்பர்

தனி மெசேஜில் ஒருவரிடம், "சுனாமிக்கு முன்னால் யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை (கவுன்சலிங்) என்ற சொல்லே இல்லை" என்று எழுதியிருந்தேன். வாபஸ். யாழ்ப்பாணத்து உளவளத்துணை நிலையமான சாந்திகம் 1987இல் தொடங்கியது. ஜெய்ப்பூர் செயற்கைக் கால் செய்யும் நிலையமும் அதே வருடம். வடமராட்சியில் இலங்கை இராணுவத்தின் ஒப்பரேஷன் லிபரேஷன் தாக்குதல் நடந்த, பிறகு இந்திய அமைதிப்படையோடு சண்டை வந்த அந்த 1987. நான் அப்போது சின்னப் பிள்ளை. அந்த நேரத்திலும் யாரோ இருந்து இவற்றைத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. எங்கள் தலைமுறையோடுதான் எல்லாம் வந்தது என்று நினைப்பது எங்கள் வியாதி.

உளவளத்துணைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு: ஐந்து நாள் பயிற்சியோடு ஒருவருடைய காயத்தைக் கிளறவேண்டாம். நான் செய்திருக்கிறேன். முகாமில் ஒரு தாயை அழவைத்துவிட்டு, நாலு மணி வாகனம் வந்துவிட்டது என்று எழும்பி வந்தேன். மிச்சத்தை எழுத விருப்பமில்லை.

6 ஒக்டோபர்

காது கேளாத மகனுடைய தாய் ஒருவர் கேட்கிறா. மகன் கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்து முடித்து 22 வயது. "பயிற்சி எத்தனையோ எடுத்தாச்சு, வேலைதான் இல்லை. அரசாங்கத்தில் 3 வீதம் என்கிறார்களே?"

அந்த 3 வீதம் 1988 ஓகஸ்டில் வந்த பொது நிர்வாகச் சுற்றறிக்கை 27/88. அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதம் வலுவிழந்தோருக்கு. பதவிக்குரிய தகைமை இருக்கவேண்டும், அந்த வலுவீனம் கடமைக்குத் தடையாக இருக்கக்கூடாது. சுற்றறிக்கைக்கு இப்போது 37 வயது. அது தானாக நடந்து வராது, விண்ணப்பத்தில் நாங்கள்தான் அதைச் சுட்டவேண்டும். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் மகனைப் பதிவு செய்திருக்கிறீர்களா? முதலில் அது.

அம்மா, உங்கள் கேள்வியில் நான் நின்றது "பயிற்சி எத்தனையோ எடுத்தாச்சு" என்ற இடத்தில். புரொஜெக்ட் நாளில் ஒரு பெடியனை வெதுப்பகம் ஒன்றில் சேர்த்துவிட்டோம். அவனுக்கும் காது கேளாது. வேலை மூன்று நாளில் பிடிபட்டுவிட்டது. மா பிசைவதில் முதலாளியே அசந்துபோனார். இரண்டாம் கிழமை வரமாட்டேன் என்று நின்றான். போய் அவனோடு இரண்டு நாள் இருந்து பார்த்தால், பிரச்சினை மத்தியானச் சாப்பாடு. எல்லோரும் வட்டமாக இருந்து பகிடி விட்டுச் சிரிப்பார்கள், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று இவன் நினைப்பான். அங்கே நின்ற ஒரு அண்ணைக்குப் பத்துச் சைகை பழக்கினோம்: சாப்பாடு, தண்ணீர், சூடு, முதலாளி வாறார், கிரிக்கெட். கிரிக்கெட் சைகைதான் காரியத்தைச் சாதித்தது. நான் அந்தப் பக்கம் கடைசியாகப் போனபோது அவன் புதிதாக வந்தவனுக்குப் போறணை வேலை பழக்கிக்கொண்டிருந்தான்.

அந்த இரண்டு நாளுக்கும் புரொஜெக்டில் காசு ஒதுக்கியிருக்கவில்லை. பயிற்சிக்கு இருந்தது, பேனருக்கு இருந்தது. வேலைக்குப் போன பிறகு கூடப் போய் நிற்கிற ஆளுக்கு இல்லை. என் சொந்தப் பெற்றோலில் போனேன் என்று பெருமைக்குச் சொல்லவில்லை, கணக்குக்குச் சொல்கிறேன்.

7 ஒக்டோபர்

"அப்படிக் கூட வந்து நிற்க அரசாங்கத்தில் ஆளே இல்லையா?" நெல்லியடி அண்ணையின் கேள்வி.

கிட்டத்தட்ட அதற்கென்று ஒருவர் இருக்கிறார். பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர். மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் ஆள், வேலை தேடுகிறவரைப் பதிவது, வழிகாட்டுவது, தொழிற்சந்தை வைப்பது அவருடைய பாடு. யாழ்ப்பாண மாவட்டத்தில் பதினைந்து பிரதேச செயலகம். சனம் அங்கே அஸ்வெசும உதவிப்பண வரிசையில் நிற்கும், பக்கத்து மேசைக்குப் போகாது.

தொழிற்சந்தையில் நானும் நின்றிருக்கிறேன். பதினொரு இடத்தில் சுயவிபரக்கோவை கொடுத்தேன், ஒன்றாவது திரும்பி அழைக்கவில்லை. ஆனால் அந்த மேசை உத்தியோகத்தர் பிள்ளை என் நம்பரை எழுதி வைத்திருந்து, எட்டு மாதத்துக்குப் பிறகு அழைத்தா. இப்போது செய்கிற வேலை அதில் வந்தது. ஆகவே திட்டவும் மனம் வருகுதில்லை.

மேலே படிக்க விரும்புகிறவர்கள் சீதுவையில் இருக்கும் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தைப் பாருங்கள். 1952இல் தொடங்கிய சமூகப்பணிப் பள்ளி, 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தில் இப்போதைய உருவம். சமூகப்பணிப் பட்டமும் டிப்ளோமாவும் அங்கே இருக்கின்றன. எந்த மொழியில், எந்த இடத்தில் அடுத்த வகுப்பு என்று விண்ணப்ப அறிவித்தல் வரும்போது வடிவாகப் பாருங்கள்.

19 ஒக்டோபர்

நாளைக்குத் தீபாவளி, பலகாரம் சுடவேண்டும், இருந்தாலும் ஒன்று.

முதல் வருடத்திலேயே விட்டுப் போகிறவர்களைக் கூடுதலாகக் கண்டிருக்கிறேன். சம்பளம் ஒரு காரணம். மற்றது யாரும் சொல்லாதது. நீங்கள் தினம் குளிப்பாட்டிய ஆள் ஒருநாள் செத்துப்போவார். எனக்கு முதலாவது ஒரு தலைமை ஆசிரியர், சீனி வருத்தத்தில் கால் எடுத்தவர். கோப்பையைக் கொடுத்தால் ஒவ்வொரு தரமும் "நன்றி, பிள்ளை" என்பார். விடியப் போனேன், கட்டில் வெறுமை, மெத்தையை வெயிலில் போட்டிருந்தார்கள். அன்றைக்கே அடுத்தவரைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள், நான் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். எந்தப் பயிற்சியிலும் இதற்கு ஒரு மணித்தியாலம் இருந்ததில்லை. ஒரு மூத்த ஆள் பக்கத்தில் இருந்து, "எனக்கும் அப்படித்தான், போய்த் தேத்தண்ணி குடி" என்றால் போதும். அன்றைக்கு எனக்கு அந்த ஆள் இருந்தா, அதனால் நின்றேன்.

தங்கச்சி, உங்களுக்கு அம்மம்மா போய் எட்டு மாதம்தான். அவசரப்படவேண்டாம் என்று நான் முதலே எழுதியிருக்கவேண்டும். சான்றிதழுக்குள் விழுந்து அதை விட்டுவிட்டேன்.

2 நொவெம்பர்

கரவெட்டியில் இருந்து பதில் வந்திருக்கிறது. நோட்டீஸ் இடத்துக்குப் போய் மூன்று கேள்வியும் கேட்டாவாம். முதலாவதற்கு "பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கு, பாருங்கோ" என்றார்களாம், கோர்சின் அங்கீகாரம் "ப்ரொசெஸில்". இரண்டாவதற்கு ஒரு பொம்மையைக் காட்டினார்களாம். மூன்றாவதற்கு "அது பிரைவசி". 750 பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டா. சங்கிலி கழுத்தில்.

இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து பதின்மூன்று நாள். முதல் கிழமை ஒரு ஆச்சி அம்மம்மாவைப் போலவே இருமினா என்று குசினிக்குள் போய் நின்று அழுததாக எழுதியிருக்கிறா. "ஆனால் அடுத்த நாளும் போனேன் அக்கா." ஆறு மாதம் முடிய ஆர்.பி.எல்.லுக்குப் போடப்போகிறாவாம், என்ன என்ன கொண்டுபோகவேண்டும் என்று கேட்கிறா.

பொறுப்பாளரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, க.பொ.த. பெறுபேறு, வேலை செய்யும்போது எடுத்த படங்கள் (நோயாளியின் முகம் தெரியாமல்). மிச்சம் விண்ணப்பப் படிவத்தில் இருக்கும். இன்று இரவிலிருந்து வீட்டுக் கட்டிலில் துணியின் மூலை மடித்துப் பழகுங்கள். மடித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு ஒரு இழுவை இழுக்கச் சொல்லுங்கள்.